கேமரன் மலையும் லேண்ட் ரோவர் சுக்கானும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள கேமரன் மலை, ஆட்சியால் பகாங்கிற்கு உரியதாயினும், வழியால் பேராக்கிற்கே நெடுங்காலம் உரியதாக இருந்தது. தாப்பா நகரிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளச் சாலையே அதன் ஒரே வாயில். சிம்பாங் பூலாய் வழியும் சுங்கை கோயான் வழியும் இந்த நூற்றாண்டில்தான் திறந்துவிடப்பட்டன. ஆகவே, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், மலைக்குச் சென்ற அரிசி மூட்டையும், மலையிலிருந்து இறங்கிய தேயிலைப் பெட்டியும், காய்கறிக் கூடையும், புதுமணப் பெண்ணும், நோயாளியும் அந்த ஒரு சாலையின் நூற்றுக்கணக்கான வளைவுகளைக் கடந்தே ஆகவேண்டியிருந்தது.

சமவெளியில் வண்டி ஓட்டுபவனுக்கு இயந்திரத்தின் வேகம் பெரிதாகத் தோன்றும். மலையில் ஓட்டுபவன் முதலில் கேட்பது வேறு இரண்டு: நிறுத்தினால் நிற்குமா, திருப்பினால் திரும்புமா? இவற்றுள் முன்னதைப் பற்றி மக்கள் அடிக்கடி பேசுவர். பின்னதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கையிலுள்ள வட்டத்திற்கும் தரையிலுள்ள சக்கரத்திற்கும் இடையே என்ன இருக்கிறது என்பதை அன்றாடம் அவ்வண்டியில் செல்பவர்கூட எண்ணிப் பார்ப்பதில்லை. கேமரன் மலையின் வரலாற்றில் அந்த இடைவெளிக்கு ஒரு தனி இடம் உண்டு.

சொல்லைப் பற்றி முதலில் ஒன்று கூறலாம். ஓட்டுநர்கள் வாயில் வழங்குவது 'ஸ்டீயரிங்' என்னும் சொல்லே. எழுத்துத் தமிழில் 'சுக்கான்' என்று எழுதுகிறோம். சுக்கான் கப்பலுக்கு உரியது. அரபு மொழியிலிருந்து கடலோடிகள் வாயிலாகத் தமிழுக்கு வந்தது. கடலில் பிறந்த சொல் ஐயாயிரம் அடி மலையேறித் தேயிலைத் தோட்டத்து வண்டியில் அமர்ந்துகொண்டது வியப்புக்குரியதே. தமிழர் தரையில் ஓட்டிய பழைய ஊர்திகளுக்குச் சுக்கான் தேவைப்படவில்லை. மாட்டு வண்டியை மாடே திருப்பிற்று. நுகத்தடி திரும்பினால் வண்டியும் திரும்பும். கோயில் தேரோ நேரே செல்லும் அச்சுகள் கொண்டது. வீதியின் முனையில் அதைத் திருப்புவதற்குச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுப்பர். ஒரு பக்கம் தடைப்பட, மறுபக்கம் வடத்தால் இழுபட, மலைபோன்ற தேர் மெல்லத் திரும்பும். முட்டுக்கட்டை போடுபவரின் கை சிறிது பிந்தினால் நேரும் கேட்டைத் திருவிழாக் கண்டவர் அறிவர். அவரே அந்தத் தேரின் சுக்கான்.

நான்கு சக்கர வண்டியின் முன்சக்கரங்களைத் தனித்தனியே திருப்பும் முறையை 1817ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் வகுத்தார். அவருடைய முகவராக லண்டனில் காப்புரிமை பெற்றவர் ருடால்ப் ஆக்கர்மன் என்பவர். உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்னும் வழக்கப்படி, அம்முறை இன்றும் ஆக்கர்மன் முறை என்றே வழங்குகிறது. அதன் கருத்து எளியது. வண்டி வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே உட்புறச் சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்பவேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஒன்று உருளும், மற்றொன்று தரையில் இழுபடும். இன்றைய எந்த மோட்டார் வண்டிக்கும் அடிப்படை இதுவே.

இனி மலைக்கு வருவோம். செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்த இம்மலைப்பகுதியை, 1885ஆம் ஆண்டில் அரசு நில அளவையாளர் வில்லியம் கேமரன் ஆராய்ந்து குறித்தார். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் மலை பெரிதும் மறக்கப்பட்டே கிடந்தது. 1925ஆம் ஆண்டில் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று வந்து, அதனை மலைவாழிடமாக ஆக்கலாம் என எடுத்துரைத்த பின்னரே சாலை வேலை தொடங்கிற்று. 1930ஆம் ஆண்டை ஒட்டிச் சாலை மலையை எட்டியது. அக்காலத்து மலாயாவில் பொதுப்பணித் துறையின் சாலைத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் தமிழர் என்பது வரலாறு அறிந்த செய்தி. கேமரனின் பெயர் மலைக்கே வாய்த்தது. மேக்ஸ்வெல்லின் பெயர் நூல்களில் இடம் பெற்றது. மண்வெட்டியும் கடப்பாறையும் பிடித்தவரின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது அரிது.

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தொழில் அறிந்த ஏ. பி. மில்ன் என்பவரைத் துணைக்கொண்டு போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். எளிய கருவிகள், சில கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி உருளை, இவற்றோடு கூலியாட்களின் தோள்கள். காட்டை அழித்துச் சரிவில் தேயிலை நட்டதற்கு இருந்த கருவிகள் இவையே. 1933ஆம் ஆண்டில் பாரத் நிறுவனத்தின் தேயிலைத் தோட்டம் தோன்றிற்று. வடக்கே கம்போங் ராஜாவை அடுத்து புளூ வேலித் தோட்டம் அமைந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் லயங்களில் குடியேறின, கொழுந்து பறித்தன, கவ்வாத்து வெட்டின, கோயில் எழுப்பின, பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டன. பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்து போயிற்று. 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நீடித்தது.

தேயிலைத் தோட்டத்தின் உள்வழிகள் அரசு சாலையைப் போன்றவை அல்ல. மழை பெய்தால் செம்மண் சோறாகக் குழையும். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. கொழுந்தைப் பறித்தபின் தாமதிக்க இயலாது. சூடேறிக் கெடுமுன் தொழிற்சாலைக்குச் சேர்த்தாகவேண்டும். சாதாரண லாரி இத்தகைய வழிகளில் பின்சக்கரங்கள் சுழன்று நின்றுவிடும். இங்கு வேண்டியிருந்தது நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் சிறிய, உறுதியான வண்டி. அத்தகைய வண்டி, கேமரன் மலையைக் கனவிலும் கருதாத ஒருவரால், கடற்கரை மணலில் வரையப்பட்டது என்பர்.

ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சீ தீவில் நிலம் வைத்திருந்தார். போரில் எஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை அங்குப் பயன்படுத்தியவர், அதைப்போல் உழவர்க்கு உதவும் வண்டி ஒன்றைத் தம் நிறுவனமே செய்தால் என்ன என்று எண்ணினார். 1947ஆம் ஆண்டில் முதல் மாதிரி வண்டி உருவாயிற்று. அதில் சுக்கான் வட்டம் டிராக்டரில் உள்ளதுபோல் நடுவே இருந்தது. சாலையின் இடப்புறம் செல்லும் நாட்டிற்கும் வலப்புறம் செல்லும் நாட்டிற்கும் ஒரே வண்டி போதும் என்பது நோக்கம். ஆனால் நடுவில் அமர்ந்து ஓட்டுதல் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை, அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. எனினும் இரு நாட்டாருக்கும் விற்கவேண்டும் என்ற எண்ணம் கைவிடப்படவில்லை. சுக்கானை இடத்திலோ வலத்திலோ பொருத்தத்தக்க வகையில் வண்டியின் உடல் அமைக்கப்பட்டது. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகின் முன் நின்றது. போருக்குப்பின் இங்கிலாந்தில் எஃகு தட்டுப்பாடு நிலவியதால் மேலுடலை அலுமினியக் கலவையால் செய்தனர். தட்டுப்பாட்டால் வந்த இச்செயலே ஈரம் மிகுந்த மலைநாடுகளில் அவ்வண்டியின் ஆயுளை நீட்டிற்று. அடிச்சட்டம் எஃகு. அங்குத் துரு பிடிக்கும்.

அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படைகள் மலாயாவில் லேண்ட் ரோவரைப் பெரிதும் பயன்படுத்தின. பின்னாளில் படையும் அரசுத் துறைகளும் கழித்த வண்டிகள் பல ஏலத்தின் வழியே உழவர் கைக்கும் தோட்டத்தார் கைக்கும் வந்து சேர்ந்தன. 1948 முதல் 1958 வரை முதல் வரிசை, 1958இல் இரண்டாம் வரிசை, 1961இல் அதன் திருத்தம், 1971 முதல் 1985 வரை மூன்றாம் வரிசை என்று ஆலையில் அவை மாறி மாறி வெளிவந்தன. மலையில் எல்லா வரிசைகளும் ஒன்றாகவே ஓடின. ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் ஏறிற்று. பிரிஞ்சாங், திரிங்காப், கோல தெர்லா, பெர்த்தாம் பள்ளத்தாக்கு எனச் சென்ற இடமெல்லாம் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய லேண்ட் ரோவரைக் காணலாம். சீன உழவரும் தமிழ் உழவரும் இதில் வேறுபட்டாரில்லை.

இவ்வரிசை வண்டிகளின் சுக்கான் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்பது தகும். ஓட்டுநர் பிடிக்கும் வட்டத்தின் கீழே ஒரு குழாய். குழாயினுள் நீண்ட எஃகுத் தண்டு. இடையில் மூட்டு எதுவும் இல்லாமல் அத்தண்டு நேரே சுக்கான் பெட்டிக்குள் இறங்கும். அதன் அடிமுனையில் திருகுப்புரி வெட்டப்பட்டிருக்கும். இரண்டாம், மூன்றாம் வரிசைகளில் அப்புரியின்மீது ஒரு நட்டு ஏறியிறங்கும். புரிக்கும் நட்டுக்கும் நடுவே எஃகு உருண்டைகள் சுற்றிச் சுற்றி வந்து உராய்வைக் குறைக்கும். நட்டு நகரக் குறுக்குத்தண்டு திரும்பும்; அதன் முனையில் தொங்கும் கை முன்னும் பின்னும் அசையும். அக்கையிலிருந்து ஒரு கம்பி வண்டியின் முன்புறம் நோக்கி ஓடும். அது சென்றடையும் உறுப்பே 'ரிலே' எனப்படுவது.

ரிலே என்பது அடிச்சட்டத்தின் முன் குறுக்குச் சட்டத்தினுள் செங்குத்தாகப் புதைந்த ஒரு குடம். அதனுள் ஒரு தண்டு. மேல் முனையில் ஒரு கை, கீழ் முனையில் ஒரு கை. மேற்கை நீளவாக்கில் வரும் அசைவை வாங்கும். கீழ்க்கை அதைக் குறுக்குவாக்கில் கொடுக்கும். அங்கிருந்து ஒரு கம்பி ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் திருப்ப, மற்றொரு நீண்ட கம்பி இரு சக்கரங்களையும் பிணைத்து ஒருசேரத் திருப்பும். ஆக மூன்று கம்பிகள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் உருண்டை மூட்டுகள், மொத்தம் ஆறு. ஒரு முனையில் வலப்புரியும் மறு முனையில் இடப்புரியும் இருப்பதால், கம்பியைச் சுழற்றியே நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். சுற்றி வளைத்த ஏற்பாடு என்று தோன்றலாம். ஆனால் சுக்கான் வலத்தில் இருந்தாலும் இடத்தில் இருந்தாலும் பெரும்பாலும் அதே உறுப்புகளைக் கொண்டே வேலையை முடிக்க அது உதவிற்று.

ஆறு மூட்டு, ஒரு பெட்டி, ஒரு ரிலே. ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவு தேய்மானம் உண்டானால் போதும். எட்டு இடத்துத் தளர்ச்சியும் கூடி ஓட்டுநர் கையில் இரண்டு மூன்று விரற்கடை வெற்றசைவாக நிற்கும். வட்டம் திரும்பும், சக்கரம் திரும்பாது. சமவெளியில் இது தொல்லை. மலை வளைவில் இது உயிர்க்கேடு. பின்தட்டில் தொழிலாளர் பலர் நின்றுகொண்டு செல்வது தோட்டப்புறத்தில் நெடுங்காலம் இயல்பான காட்சியாக இருந்தது என்பதை இங்கு மறக்கலாகாது. ஒருவர் இருக்கையில் அமர்ந்து வட்டத்தை மெல்ல இருபுறமும் அசைக்க, மற்றவர் வண்டியின் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின்மீதும் கைவைத்து எங்கே அசைவு வீணாகிறது என்று அறிவதே பட்டறையின் பழைய சோதனை. இதற்குக் கருவி வேண்டியதில்லை. கையும் காதுமே போதும். ஆனால் அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டும்.

ரிலேயைப் பற்றிப் பட்டறையாளர்க்கு அச்சமும் மதிப்பும் ஒருங்கே உண்டு. அதனுள்ளே ஒரு வலிய சுருள்வில் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. அது பிளவுபட்ட கூம்பு வடிவத் தாங்கிகளைத் தண்டின்மேல் இறுக்கிப் பிடித்து, சக்கரத்திலிருந்து வரும் அதிர்ச்சியைத் தணிக்கிறது. குடம் எண்ணெயால் நிறைந்திருக்கவேண்டும். எண்ணெய் கசிந்து தீர்ந்தால் நீர் புகும், துரு ஏறும், சுக்கான் கனத்துப்போகும், திருப்பியபின் தானே மீளாது. ஓட்டுநர் சக்கரத்தைப் பழிப்பார். குற்றம் கண்ணுக்குப் புலப்படாத குடத்தினுள் இருக்கும். குடம் குறுக்குச் சட்டத்தோடு துருவால் ஒன்றிப்போனால் கழற்றுவது பெரும்பாடு. கழற்றியபின் அறியாதவர் அடித்தட்டைத் தட்டினால், சுருள்வில் துப்பாக்கிக் குண்டெனப் பாய்ந்து முகத்தைக் காயப்படுத்தும். தண்டை வெளியேற்றும்போது சாக்கையோ தடித்த துணியையோ சுற்றிக் கட்டிக்கொண்டு செய்யவேண்டும் என்பது அறிந்தோர் வழக்கு. இவ்வறிவு எல்லாம் மலைப்பட்டறைகளில் ஆசான் மாணவன் முறையில் வாய்வழியே வந்தது. எழுதி வைத்தோர் மிகச் சிலரே.

அதே 1948ஆம் ஆண்டில், அதே இங்கிலாந்தில், அக்டோபர் மாதக் கண்காட்சியில் இன்னொரு வண்டி வெளிவந்தது. அது அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர். மலாயாவில் ஆசிரியர் பலரும் எழுத்தர் பலரும் ஓட்டிய சிறிய மகிழுந்து அது. அதன் சுக்கான் அமைப்பில் பெட்டியும் இல்லை, ரிலேயும் இல்லை. சுக்கான் தண்டின் அடியில் ஒரு சிறிய பற்சக்கரம்; அதன் பற்களோடு பொருந்திய, பற்கள் வெட்டிய ஒரு நீண்ட சட்டம். இதையே 'ரேக்' என்பர். தமிழில் பற்சட்டம் எனலாம். பற்சக்கரம் சுழலச் சட்டம் இடம் வலமாக நகரும். சட்டத்தின் இரு முனைகளும் இரு சக்கரங்களைத் தள்ளும், இழுக்கும். உறுப்புகள் குறைவு, தளர்ச்சி குறைவு, திருப்பல் துல்லியம்.

இவ்வளவு எளிய ஏற்பாட்டை லேண்ட் ரோவர் ஏன் மேற்கொள்ளவில்லை? இவ்வினா மாணவர் கேட்கவேண்டிய வினா. விடை அச்சில் உள்ளது. மோரிஸ் மைனரின் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறியிறங்குபவை. லேண்ட் ரோவரின் முன்சக்கரங்களோ ஒரே கனத்த அச்சின் இரு முனைகளில் மாட்டப்பட்டவை. அவ்வச்சு பட்டைவில்லின்மேல் முழுவதும் ஏறியிறங்கும். பற்சட்டத்தை அடிச்சட்டத்தில் பொருத்தினால், வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் அச்சுக்கும் சட்டத்திற்கும் உள்ள தூரம் மாறும். கம்பிகள் தாமே இழுபட்டுச் சக்கரம் ஓட்டுநர் விரும்பாமலே திரும்பும். பற்சட்டத்தை அச்சின்மீதே பொருத்தலாம் எனில், சுக்கான் தண்டு ஒவ்வொரு குலுங்கலுக்கும் நீண்டு சுருங்கவேண்டும்; சேறும் கல்லும் அடிக்கும் இடத்தில் மெல்லிய பற்களும் வைக்கப்படும். கரடுமுரடான வழிக்குப் பெட்டியும் கம்பியுமே தக்கவை என்று அன்றைய வடிவமைப்பாளர் முடிவு செய்தது அறியாமையால் அன்று.

பிற்காலத்தில் பழைய வண்டிகளைப் போற்றுவோர் உலகெங்கும் பெருகினர். அமெரிக்காவில் பழைய சிறு லாரிகளின் ஒற்றை முன்னச்சை முற்றும் நீக்கிவிட்டு, 1974ஆம் ஆண்டு முதல் வந்த போர்டு மஸ்டாங் இரண்டாம் வகையின் முன்பகுதியைத் தழுவி, தனித்தனியே இயங்கும் சக்கரங்களோடு பற்சட்டத்தைப் பொருத்தும் வழக்கம் பரவிற்று. அங்கே எழுந்த சிக்கல் யாதெனின், லாரியின் பழைய சுக்கான் தண்டு நோக்கும் திசை ஒன்று. பற்சக்கரத்தின் தண்டு நிற்கும் திசை வேறொன்று. இடையே இயந்திரம் வேறு வழிமறித்து நிற்கும். வளைந்த பாதையில் சுழற்சியைக் கொண்டு செல்வது எவ்வாறு?

இதற்கு விடை மிகப் பழையது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் கார்டானோ இத்தகைய மூட்டைப் பற்றி எழுதினார். 1670களில் ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக் அதைக் கருவிகளில் கையாண்டார். 'யுனிவர்சல் ஜாயிண்ட்' எனப் பட்டறையில் வழங்கும் அம்மூட்டில் இரண்டு கவைகள் ஒரு சிலுவைத்துண்டால் இணைகின்றன. ஒரு தண்டு சுழன்றால், சாய்ந்து நிற்கும் மறு தண்டும் சுழலும். ஆனால் அதில் ஓர் இரகசியம் உண்டு. ஹூக் அதைக் கண்டுகொண்டார். உள்ளே வரும் சுழற்சி ஒரே சீராக இருந்தாலும் வெளிவரும் சுழற்சி சீராக இராது. ஒரு சுற்றில் இருமுறை விரையும், இருமுறை பிந்தும். சாய்வு 30 பாகை எனில், வேகம் ஒருசமயம் 13 விழுக்காடு குறையும். மறுசமயம் 15 விழுக்காடு கூடும். சுக்கான் வட்டத்தில் இது ஓரிடத்தில் இலேசாகவும் ஓரிடத்தில் கனமாகவும் தோன்றும். சாய்வு மிகமிகக் கேடு பெருகும்.

ஒரு மூட்டின் குற்றத்தை இன்னொரு மூட்டால் நீக்கலாம் என்பதே இதில் அழகிய பகுதி. இடைத்தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகளை வைத்து, இரண்டின் சாய்வையும் சமமாக்கி, இடைத்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்குமாறு பொருத்தினால், முதல் மூட்டு விரையும்போது இரண்டாம் மூட்டு பிந்தும். முடிவில் சுழற்சி சீராகும். கவைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றுவிட்டால் குற்றம் நீங்காது, இரட்டிக்கும். இடையே தடை மிகுந்து மூன்றாம் மூட்டு தேவைப்படின், தண்டைத் தாங்க அடிச்சட்டத்தில் ஒரு தாங்கி கட்டாயம் வேண்டும். தாங்கி இல்லாத மூன்று மூட்டுத் தண்டு சுழலுமுன் வளைந்து ஆடும்.

பொருத்தும் முறையிலும் பிழைக்கு இடம் நிரம்ப உண்டு. பற்சட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுழற்றி, எத்தனை சுற்று என எண்ணி, அதன் சரிபாதியில் நிறுத்தவேண்டும். சக்கரங்களும் சுக்கான் வட்டமும் நேராக நிற்கும்போதே மூட்டை மாட்டவேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். மூட்டின் பற்கள் தண்டின் பற்களில் முழுமையாக ஏறவேண்டும். இறுக்கும் போல்ட் தண்டில் வெட்டியுள்ள பள்ளத்தின் ஊடே செல்லவேண்டும். பள்ளத்தில் படாத போல்ட் அன்றைக்கு இறுக்கமாகவே இருக்கும். பின்னொரு நாள் குலுக்கலில் தண்டு நழுவி வெளியே வரும். அளவு பொருந்தாத தண்டுகளைப் பற்றவைத்து ஒட்டும் செயல் எல்லாவற்றினும் கொடியது. வெப்பம் எஃகின் தன்மையை மாற்றும். விரிசல் உள்ளே ஓடும். வெளியே வண்ணம் பூசினால் தெரியாது.

கேமரன் மலையின் பழைய லேண்ட் ரோவருக்குப் பற்சட்டம் பொருத்தலாமா என்னும் ஆசை எவருக்கேனும் எழுமாயின், மேற்கூறியவற்றைக் கொண்டே விடை கூறலாம். பட்டைவில்லும் ஒற்றை அச்சும் இருக்கும் வரையில் பொருத்தலாகாது. சுக்கான் கனமாக இருக்கிறது என்பது காரணமாயின், ரிலேயில் எண்ணெய் உள்ளதா என்று முதலில் பார்க்கவேண்டும். ஆறு மூட்டுகளையும் புதுப்பித்தபின் பேசவேண்டும். மேலும், 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். இதை வெறும் அலுவலகத் தொல்லை என்று கருதுவோர் உளர். ஒரு போல்ட் பள்ளத்தில் நுழைந்ததா இல்லையா என்பதில் பின்தட்டில் நிற்பவர்களின் உயிர் தொங்குவதால், வேறொருவர் கண்ணும் அதைப் பார்க்கவேண்டும் என்று சட்டம் கேட்பது நியாயமே.

பழைய அமைப்புக்குக் குறையே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. மூட்டில்லாத நீண்ட ஒற்றைத் தண்டு, நேருக்கு நேர் மோதலில் ஈட்டிபோல் ஓட்டுநரின் மார்பை நோக்கி வரக்கூடியது. மோதினால் மடங்கிச் சுருங்கும் தண்டுகள் 1967ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மகிழுந்துகளில் பரவலாயின. லேண்ட் ரோவர் நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. 1983ஆம் ஆண்டில் வந்த ஒன் டென் வண்டியில் பட்டைவில் போய்ச் சுருள்வில் வந்தது, ரிலே மறைந்தது, சுக்கான் தண்டுக்கும் பெட்டிக்கும் இடையே இரு மூட்டுகள் கொண்ட இடைத்தண்டு வந்தது. ஹூக்கின் மூட்டு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் தோட்டத்து வழிகளுக்கு உரிய வண்டியிலும் இடம் பிடித்தது. 1990இல் டிபெண்டர் என்று பெயர் பெற்ற அவ்வண்டி, 2016 ஜனவரி 29ஆம் நாள் ஆலையில் முடிவெய்தியது. 2019இல் அதே பெயரில் வெளியிடப்பட்ட புதிய வண்டியில் ஒற்றை அச்சு இல்லை. சக்கரங்கள் தனித்தனியே இயங்குகின்றன. ஆதலால் பற்சட்டம் அதற்கு இயல்பாகவே பொருந்திற்று. 1948இல் இசிகோனிசின் சிறிய மகிழுந்தில் இருந்ததும் வில்க்சின் வண்டியில் இல்லாததும் ஆகிய அவ்வுறுப்பு, எழுபத்தோர் ஆண்டுகள் கழித்து இங்ஙனம் வந்து சேர்ந்தது.

இதற்கிடையே மலையும் மாறிற்று. தோட்டத் தமிழரின் பிள்ளைகள் பலர் படித்து நகரங்களுக்கு இறங்கினர். கொழுந்து பறிக்கும் வேலைக்கு வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தனர். பட்டறையில் 'டை ராட்', 'ஸ்டீயரிங் பாக்ஸ்', 'ரிலே' என்று வழங்கிய சொற்கள் அவ்வாறே வழங்குகின்றன. அவற்றுக்குத் தமிழ் ஆக்குவது பின்னர் ஆகட்டும். அவற்றைக் கையாண்டவர் என்ன செய்தனர், எவ்வாறு செய்தனர் என்பதைக் கேட்டு எழுதி வைக்கும் பணி அதனினும் முந்தியது. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் உள்ள தமிழ்ப் பள்ளி மாணவர் ஒரு பிற்பகல் பட்டறை ஒன்றில் அமர்ந்து கேட்டால், பாடநூல் தராத இயற்பியல் பாடம் கிடைக்கும்.

பழைய வரிசை வண்டிகள் இன்றும் அம்மலையில் ஓடுகின்றன. எண்ணில் குறைந்தும், வண்ணத்தில் மங்கியும், காய்கறித் தோட்டத்தின் சேற்று வழிகளில் அவை தம் வேலையைச் செய்கின்றன. மழைக்காலம் தொடங்குமுன், முன் குறுக்குச் சட்டத்தின் மேல் உள்ள சிறிய போல்ட் கழற்றப்படும். உள்ளிருக்கும் காற்று வெளியேற இடம் விட்டு, எண்ணெய் துளித்துளியாக ஊற்றப்படும். குடம் மெல்லவே குடிக்கும், அவசரப்பட்டால் வழிந்துவிடும். நிறைந்தபின் போல்ட்டை இறுக்கி, ஒருவர் ஏறி அமர்ந்து சுக்கானைக் கோடிக்குக் கோடி திருப்பிப் பார்ப்பார். மற்றவர் வண்டியின் கீழே படுத்திருப்பார்.